கந்தோரிலிருந்து வீட்டை எட்டிப் பார்த்தவன்

எங்கள் வீட்டுக் கணினி நல்லூரில், முன்னறை யன்னலோரம் இருக்கிறது. நான் வேலை செய்யும் கந்தோர் திருநெல்வேலியில், பலாலி வீதியோடு இருக்கிறது. சைக்கிளில் பத்து நிமிடம், எதிர்க்காற்றென்றால் பதினைந்து. இவ்வளவு கிட்டக் கிடக்கும் ஒரு பெட்டியைச் சைக்கிளில் ஏறாமல் இணையம் வழியாகத் தொடுவதற்கு நான் ஏற்பாடு செய்தேன். காரணம் சோம்பல். பிறகு நடந்தவற்றுக்குப் பெரிய காரணங்கள் சொல்லலாம், ஆனால் தொடக்கம் இதுதான்.

கந்தோரில் நான் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுகிறவன். வெளியில் ஒரு வார இதழுக்குப் பகிடிப் பத்தி எழுதுகிறவன். பத்தியை வீட்டுக் கணினியில் எழுதி முடித்துவிட்டு, அனுப்ப மறந்து, கந்தோருக்கு வந்து சேர்ந்தபின் தலையில் கைவைப்பது என் வழக்கம். அப்படி ஒருநாள் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, கணினியைப் போட்டு இன்ன கோப்பைத் திறந்து இன்ன முகவரிக்கு அனுப்பிவிடும் என்று கெஞ்சினேன்.

“எனக்கு உதிலை கை வைக்கப் பயம்,” என்றார். “ஒண்டை அமத்த இன்னொண்டு அழிஞ்சு போனா நீங்கள் என்னைத்தான் பேசுவியள்.”

நம்பினேன். நெல்லியடியில் இருபத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, வயதுக்கு முந்தியே ஓய்வு எடுத்துக்கொண்டவர் அவர். வகுப்பில் பிள்ளைகள் அவருக்குப் பயந்தார்கள். அப்படிப்பட்டவர் கணினிக்குப் பயப்படுகிறார் என்று கேட்டபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி ஓடியதை மறைக்கமாட்டேன்.

அடுத்த மேசையில் இருக்கும் சக ஊழியரிடம் இந்தக் குறையைச் சொன்னேன். குருநகர்க்காரி, கத்தோலிக்கர். தகப்பன், தமையன், புருஷன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். நாலு பிள்ளைகளின் தாய். கந்தோரில் கணினி படுத்தால் எழுப்புகிறவரும் அவர்தான். அடுத்தநாள் காலை என்னை வீட்டில் நின்று கணினியைப் போடச் சொல்லி, தொலைபேசியிலேயே வழிகாட்டி ஒரு மென்பொருளை ஏற்றுவித்தார்; நான் கந்தோருக்கு வந்ததும் இங்கேயும் அதை ஏற்றிவிட்டார். கந்தோரில் இருந்தபடி ஒரு இலக்கத்தை அடித்தால் வீட்டுத் திரை அப்படியே என் முன்னால் விரியும். அங்கே உள்ள எந்தக் கோப்பையும் இங்கிருந்தே திறக்கலாம், எடுக்கலாம், அழிக்கலாம்.

“கடவுச்சொல் ஒண்டு வையுங்கோ அண்ணை. நான் மற்றப் பக்கம் பாக்கிறன்.”

மகளின் பெயரையும் அவள் பிறந்த வருடத்தையும் அடித்தேன்.

“மகள்டை பேர்தானே போட்டனீங்கள்,” என்றார், திரும்பாமலே. “இந்தக் கந்தோரிலை எல்லா ஆம்பிளையளும் அதுதான்.”

மகள் கலியாணம் முடித்து ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் காட்டிக் கதைப்பாள். மற்ற நாட்களில் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்பதெல்லாம் தாய் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். அதுவும் சுருக்கிய பதிப்பு.

அன்று மாலை மனைவியிடம், பகலில் கணினி போட்டபடியே கிடக்கும், நிப்பாட்டவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

“நான் ஏன் உதைத் தொடப்போறன்,” என்றார்.

*

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பத்துமணித் தேநீருக்குப் பிறகு, பத்தியை எடுப்பதற்காக வீட்டுக் கணினிக்குள் போனேன். திரை விரிந்தது. நான் மௌஸில் கை வைக்கவில்லை. அம்புக்குறி தானாக நகர்ந்தது.

கையை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தேன். அம்பு இடதுபக்கம் மேலே போனது, ஏதோ ஒன்றைத் திறந்தது, யோசித்தது, மூடியது. என் வீட்டுக்குள் ஒருவன் நடமாடுவதை மதில்மேல் நின்று பார்ப்பதுபோல இருந்தது. முதலில் நினைத்தது ரஷ்யாவை. பிறகு எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் உள்ள டியூசன் சென்ரரை. ரஷ்யாக்காரனுக்கு என் பகிடிப் பத்தியால் என்ன பயன்? டியூசன் மாஸ்டருக்கு அதைவிடப் பயனில்லை. ஆனால் அவர் போனமாதம் எங்கள் வீட்டு வைஃபையின் வேகத்தைப் பற்றி என்னிடம் விசாரித்திருந்தார். ஒரு மனிதர் மற்றவன் வீட்டு வைஃபையைப் பற்றி ஏன் விசாரிக்கவேண்டும்?

உடனே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்ன செய்யிறீர்?”

“பயத்தங்காய் முறிக்கிறன். ஏன்?”

“சும்மாதான்.”

“வேலை நேரத்திலை சும்மா எடுக்கிறனீங்களோ?”

அவர் கதைத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அம்பு அசையவில்லை. தொலைபேசியை வைத்த அரை நிமிடத்தில் திரை கறுத்துப்போனது. என் குரலைக் கேட்டுக் கள்ளன் ஓடிவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். என் குரலுக்கு இதுவரை ஒரு நாய்கூட ஓடியதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குப் போனேன். வாலிப வயதில் இங்கிலிஷ் துப்பறியும் நாவல்களை நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து வாசித்தவன் நான். அந்தப் படிப்பு இதுவரை எதற்கும் உதவவில்லை. அன்று உதவியது. கதிரை மேசைக்குக் கிட்ட இழுத்துவிடப்பட்டிருந்தது. நான் கால் நீளக்காரன், எனக்கு அந்த இடைவெளி போதாது. விசைப்பலகையில் இரண்டு விசைகளின்மேல் மெல்லிசாகத் திருநீறு. ரஷ்யாவில் திருநீறு பூசமாட்டார்கள். டியூசன் மாஸ்டர் பூசுவார், ஆனால் அவர் எங்கள் முன்னறைக்குள் வந்து கதிரையில் இருக்க வழியில்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். நெற்றியில் அழியாத மூன்று குறியோடு மனைவி பயத்தங்காய்க் கறியை இறக்கிக்கொண்டிருந்தார்.

“பயத்தங்காய் உண்மையாகவே முறிச்சனீரோ?”

“பின்னை? அது தானாக முறியுமே?”

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால், கந்தோரிலிருந்து நான் எட்டிப் பார்த்ததையும் சொல்லவேண்டி வரும். பத்திக்காகத்தான் பார்த்தேன் என்றாலும், சொல்லாமல் பார்த்தேன் அல்லவா. பத்தியை எடுக்கப் போனவன் என்ற நிலையிலிருந்து ஒளித்துப் பார்த்தவன் என்ற நிலைக்கு நான் எந்த நிமிடத்தில் இறங்கினேன் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்தநாள் பத்துமணிக்கு மறுபடி போனேன். அன்று எடுப்பதற்குப் பத்தி எதுவும் இருக்கவில்லை.

*

கணினிக்குப் பயந்தவர் இங்கிலிஷில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார். ஒரு படிவம். ஒவ்வொரு பெட்டியையும் நிரப்பிவிட்டு மேலே போய் முதலிலிருந்து வாசிப்பார், கணக்குத் தாளைத் திருப்பிப் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தானும் செய்வார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். முடிந்ததும் அதை ‘மரக்கறி’ என்று பெயரிட்ட கோப்புறைக்குள் போட்டு மூடினார். என் கணினியில் மரக்கறிக்கு ஒரு கோப்புறை இருப்பது எனக்குத் தெரியாது. நான் திறந்து பார்க்கமாட்டேன் என்று கணித்துத்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்கு அவர் கோயிலுக்குப் போவார். போகிற நேரமும் தெரியும், வருகிற நேரமும் தெரியும். அந்த இடைவெளியில், கந்தோர் மேசையில் இருந்தபடி, என் மனைவியின் மரக்கறியைத் திறந்தேன்.

புதிதாக எடுத்த கடவுச்சீட்டின் படம். வெள்ளைப் பின்னணியில், இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல் எடுத்த புகைப்படம். கனடா விசாவுக்கான படிவம். மகள் எழுதிய அழைப்புக் கடிதம்: என் தாயாரை ஆறு மாதத்துக்கு என்னுடன் தங்கியிருக்க அழைக்கிறேன். தாயாரை. கடிதத்தை மேலிருந்து கீழே மூன்றுமுறை வாசித்தேன். தகப்பன் ஓரிடத்தில் வந்தார், தாயாரின் கணவர் அரசாங்க ஊழியர், அவர் ஊரிலேயே இருப்பார், ஆகவே தாயார் கட்டாயம் திரும்பி வருவார் என்று விசாக்காரரை நம்பவைக்கும் இடத்தில். பிணைக்கு வைத்த ஆட்டைப்போல.

அதற்குக் கீழே, மகளுக்கு எழுதி அனுப்பிய ஒரு சின்னக் கடிதத்தின் பிரதி.

‘அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. நீ யோசிக்காதை. நான் சொல்லமாட்டன்.’

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். போன வருடம் முன்வீட்டுக்காரர் ஒரு காலையில் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டார். மூன்றாம் நாள் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்துக் குளிர் என்றார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நாலுபேர் வாயில் விழுந்தால் காரியம் கெடும், விசா மறுக்கப்படும், கண்ணூறு படும். விமானம் ஏறும்வரை நெல்லியடிக்குப் போவதாகத்தான் சொல்லவேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது ஊருக்குச் செய்கிற மறைப்பு. புருஷனை ஊரோடு சேர்த்துக் கணக்கெடுப்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

முப்பது வருடம் ஒரு குசினியில் சாப்பிட்டவருக்குச் சொல்லாமல் இவர் போய்விடுவாரா? அதற்குப் பிறகு எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

*

சந்தேகப்படுகிறவனுக்கு வேலை மிகுதி. அந்த இரண்டு கிழமையும் வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் நான் குறித்துக்கொண்டேன். குசினித் தட்டில் இருந்த டின்களுக்கெல்லாம் ஒருநாள் பெயர் ஒட்டப்பட்டிருந்தது: கடலைப்பருப்பு, மைசூர்ப்பருப்பு, வெந்தயம், பெருஞ்சீரகம். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரிந்த டின்கள் அவை. பெயர் யாருக்கு?

இன்னொருநாள், “இஞ்சை வாங்கோ,” என்று கூப்பிட்டு, “பருப்புக்கு உவ்வளவு தண்ணிதான் விடுறது. விரலை வைச்சுப் பாருங்கோ,” என்றார்.

“எனக்கேன் உது?”

“ஒரு மனிசன் பருப்பு அவிக்கப் பழகினாக் குற்றமே?”

விரலை வைத்துப் பார்த்தேன். கைவிடப்படப்போகிறவனின் விரல் அது என்று நினைத்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை வைத்து ஒரு பத்தி எழுதலாமா என்றும் அதே நிமிடத்தில் யோசித்தேன். என்னில் உள்ள வியாதி அது.

ஞாயிறு காலையில் பத்திரிகையின் ராசிபலனை விரித்துவைத்துக்கொண்டு ஒரு தூண்டில் போட்டேன்.

“இஞ்சாரும், உம்மடை ராசிக்கு இந்தக் கிழமை தூரப் பயணம் எண்டு கிடக்கு.”

“எனக்கு ரெண்டிலை சனி. அவர் எங்கை விடப்போறார்,” என்றார், தேங்காய் துருவுவதை நிறுத்தாமல். அந்தச் சனி பகவான் முந்தின வியாழக்கிழமை அவரைக் கைரேகை கொடுக்கும் இடத்துக்குப் போக விட்டிருந்தார் என்பதை மரக்கறிக்குள் இருந்த ஒரு துண்டில் நான் பார்த்திருந்தேன்.

அன்று வீடியோவில் மகள் வந்தாள். தடித்த மேலங்கி, முகம் மட்டும் தெரிந்தது. “அப்பா, பத்தி வாசிச்சனான். பகிடி குறைஞ்சுபோச்சு,” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தாயும் மகளும் திரையில் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை மழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது, கந்தோரில் பாதிப்பேர் புயல் படங்களைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வழமைபோல வீட்டுக் கணினிக்குள் போனேன். அன்று மரக்கறிக் கோப்புறை திறந்தபடி கிடந்தது. உள்ளே புதிதாக ஒரு படம். கறுப்பு வெள்ளை. விசிறிபோல விரிந்த சாம்பல் புகை, நடுவில் கறுத்த சுழி, சுழிக்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று. ஓரத்தில் சின்ன எழுத்தில் இலக்கங்கள்.

மனைவி புயல்படம் சேமித்துவைத்திருக்கிறார் என்றால் விமானப் பயணம் கிட்டிவிட்டது. நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசையைக் கூப்பிட்டேன். அவருடைய வீட்டில் புயலைப் பற்றி எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

“இது எப்ப கரை கடக்கும்?”

குருநகர்க்காரி எழும்பி வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

“அண்ணை,” என்றார். “இது புயலில்லை. இது பிள்ளை.”

நான் திரையைப் பார்த்தேன்.

“நாலு பெத்தனான், எனக்குத் தெரியாதே? இந்தா தலை. இந்தா முதுகு. மூண்டு மாசம் இருக்கும். ஆற்றை பிள்ளை?”

ஓரத்தில் இருந்த இலக்கங்களுக்கு மேலே மகளின் பெயர் இருந்தது. நான் கடவுச்சொல்லாக வைத்த அதே பெயரை நான் வாசிக்காமல் விட்டிருந்தேன்.

*

இந்த இடத்தில் நான் இதுவரை எழுதாமல் தள்ளிவைத்த ஒன்றை எழுதவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னும் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். இரண்டாம் மாதமே எனக்குச் சொன்னாள். மூன்றாம் நாள் கந்தோர் முழுவதுக்கும் தெரியும். அந்தக் கிழமை பத்தியில், பேரப்பிள்ளை வரப்போகிறவனின் அசட்டுத்தனங்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். நல்லாயிருக்கிறது என்று பலர் சொன்னார்கள். பத்தி வந்து பத்து நாளில் கரு தங்காமல் போனது. அதற்குப் பிறகு ஒருமாதம், பத்தி வாசித்தவர்கள் சந்தையிலும் கோயில் வீதியிலும் என்னை மறித்து, மகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்கள். கனடாவில் இருப்பவர்களும் அவளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவளே பதில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

எழுதினதால்தான் அப்படி ஆயிற்று என்று நான் நம்பவில்லை. நம்பாதவனுக்கும் பத்து நிமிடச் சைக்கிள் ஓட்டத்தில் அது நினைவுக்கு வரும்.

“வீட்டை சொல்லேல்லைப்போல,” என்றார் குருநகர்க்காரி, மெதுவாக.

“இல்லை.”

“அப்ப இதை எங்காலை எடுத்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டு, என் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தார். “அண்ணை, உது இப்ப வீட்டுக் கொம்பியூட்டரோ? இப்பவும் உள்ளுக்கோ நிக்கிறியள்?”

“ஓம்.”

“அக்கா வீட்டிலையோ?”

“வீட்டிலைதான். ஆனா பாக்கமாட்டா. நான் மௌஸைத் தொடேல்லை.”

அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில், நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தேடிவைத்த மரியாதை முழுவதும் கழன்று விழுந்தது.

“நீங்கள் உள்ளுக்குப் போன உடனை அங்காலை மூலையிலை ஒரு பெட்டி எழும்பும் அண்ணை. இன்ன கொம்பியூட்டரிலை இருந்து ஒராள் வந்து நிக்கிறார் எண்டு. நீங்கள் வெளிக்கிடுமட்டும் அது அங்கை கிடக்கும். கந்தோர்ப் பேர் வடிவாத் தெரியும். நான் அண்டைக்குச் சொன்னனான்.”

“எனக்கு விளங்கேல்லை.”

“எத்தினை நாளாப் போறியள்?”

“மூண்டு கிழமை.”

“எங்களுக்கெண்டாலும் சுவாமியாரட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்,” என்றார், தன் மேசைக்குத் திரும்பிக்கொண்டே. “உங்களுக்கு அதுவும் இல்லை. பேசாமல் வீட்டை போய் அக்காட்டைச் சொல்லுங்கோ.”

*

மழையில் நனைந்துகொண்டு வந்தேன். மனைவி குசினிக் கதவடியில் துவாயோடு நின்றார். தலையைத் துடைத்துக்கொண்டே, எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே கேட்டார்.

“இண்டைக்கு நல்லாப் பாத்தனீங்களோ?”

“என்னத்தை?”

“இஞ்சாருங்கோ. முதல் நாள் பெட்டி எழும்பேக்கை பேரை வாசிக்காமல் கள்ளன் எண்டுதான் நினைச்சன். பிளக்கைப் பிடுங்கினன். பிறகு யோசிச்சன். கள்ளன் வாறான், அடுத்த நிமிசம் நீங்கள் போன் எடுக்கிறியள், சும்மாதான் எண்டுறியள். ரெண்டு பேரும் ஒராள்தான்.”

“அப்ப ஏன் பிறகும் அதைப் போட்டு வைச்சனீர்? மூடியிருக்கலாமே.”

“மூடினா நீங்கள் எப்பிடிப் பாக்கிறது?”

தேநீரை ஊற்றித் தந்தார். நான் குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை என்னைச் சத்தியம் பண்ண வைச்சவள். அப்பாட்டைச் சொல்லக்கூடாது எண்டு. நல்லூரானை நினைச்சுச் சொல்லுங்கோ எண்டவள். நான் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லேல்லைத்தானே?”

“படத்தைத் திறந்து வைச்சது?”

“நான் என்ரை மேசையிலை என்ரை படத்தைத் திறந்து வைச்சிருந்தன். வேலியாலை எட்டிப் பாக்கிறவைக்கு நான் பொறுப்பே?”

எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “படிவம், கடவுச்சீட்டு, ‘அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது’ எண்ட கடிதம், எல்லாமே எனக்காகத்தான் திறந்து வைச்சனீரோ?”

“அதெல்லாம் நான் கோயிலுக்குப் போன நேரம் நீங்கள் களவாப் பாத்தது. அதை வேறையாகக் கதைப்பம்.” பிறகு குரலைத் தணித்தார். “படத்தை மட்டும்தான் நான் வைச்சனான். நீங்கள் ரெண்டு கிழமையா ஆள் ஒருமாதிரி. பருப்புக்கு விரல் வைக்கச் சொன்னா அழப்போற மாதிரி நிண்டியள். உங்களை விட்டிட்டு ஓடுறன் எண்டு நினைக்கிறியள் எண்டு விளங்கிச்சு.”

அழப்போகிறமாதிரி நிற்கவில்லை என்று மறுத்தேன். அது எடுபடவில்லை.

“போட்டு ஆறு மாசத்திலை வந்திடுவன்,” என்றார். “ஆனா இனி நல்லாக் கேளுங்கோ. உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அவளாச் சொல்லுமட்டும் தெரியாது. கந்தோரிலை தெரியாது, பத்தியிலை தெரியாது, கண்ணாடிக்கு முன்னாலை தனிய நிக்கேக்கையும் தெரியாது.”

“அவள் சொல்லுவாளோ?”

மனைவி அடுப்பைப் பார்த்தார். கணக்கு வராதபோது பிள்ளைகளுக்கு முன்னாலும் இப்படித்தான் நின்றிருப்பார் போலும்.

“எனக்குத் தெரியாது,” என்றார்.

*

கந்தோரில் குருநகர்க்காரியைக் கொண்டே அந்த மென்பொருளைக் கழற்றினேன். இனி வெளியிலிருந்து பார்க்க எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மிச்சம்.

நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது மற்ற மனிதர்களுக்கு என்னமாதிரியோ தெரியாது. எனக்கு அது புகைத்தலை விட்டதைவிடச் சிரமமாக இருந்தது. எழுதுகிற பத்திகளில் தற்செயலாகக்கூடத் தொட்டில், தாலாட்டு, பால்புட்டி என்று எதுவும் வந்துவிடக்கூடாதென்று, வெறும் பஸ்சையும் மின்வெட்டையும் பற்றியே எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறும் மகள் முகத்தை மட்டும் காட்டினாள். நான் முகத்தை மட்டும் பார்த்தேன். கன்னம் பூரித்திருந்தது. “உடம்பு வைச்சிருக்கிறாய்போல,” என்று ஒருநாள் வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவள் கதைத்து முடிக்கும்போது ஒவ்வொருமுறையும், “வேறை?” என்று கேட்பேன். “வேறை ஒண்டுமில்லை அப்பா,” என்பாள். இவ்வளவு கவனமாக ஒருத்தி என்னிடமிருந்து ஒளிக்கவேண்டிய ஆளாக நான் இருந்திருக்கிறேன் என்பதை அந்த ‘வேறை ஒண்டுமில்லை’ ஒவ்வொன்றிலும் கேட்டேன்.

மனைவிக்கு விசா வந்தது. அதைத் தெருவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. டியூசன் மாஸ்டர் ஒருநாள் மதிலுக்கு மேலால், “ரீச்சர் எங்கையோ வெளிக்கிடுறாபோல, பெட்டி வெயிலிலை காயுது,” என்றார். “நெல்லியடிக்கு,” என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நல்ல மனிதர்தான்.

சொல்லாமலே பிள்ளை பிறந்துவிடுமோ என்று நான் உண்மையாகவே பயப்படத் தொடங்கியது பங்குனி மாதம். தாய் போய்ச் சேர்ந்தபின், குளிர் என்று சொல்வதுபோல, இதையும் அங்கிருந்து சொல்வார்களோ என்று. முன்வீட்டுக்காரரின் செவ்வரத்தை வாடிக்கொண்டிருந்தது.

இதை எழுத மகள் சம்மதித்தது, பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து, பேரும் வைத்த பிறகு. ஒருவருடைய பெயரும் வரக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே பேரனின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அது நல்ல பெயர் என்றாலும்.

சித்திரை வருடப்பிறப்பன்று காலை. கைவிசேஷக் காசு கொடுத்து முடிந்து, கோயிலுக்குப் போய் வந்து, முன்னறையில் கணினிக்கு முன்னால் இருந்தோம். மனைவி பக்கத்தில் பலகாரத் தட்டோடு. மகள் வந்தாள். பக்கத்தில் மருமகனும் இருந்தார், வழமையாக அவர் வரமாட்டார். வாழ்த்துச் சொன்னார்கள். பொங்கலைக் காட்டச் சொன்னாள், காட்டினோம்.

நான் பழகிப்போனபடி, “வேறை?” என்றேன்.

“வேறை…” என்றாள். மருமகனைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் பின்னுக்கு இரண்டடி நடந்து, மேலங்கி இல்லாமல், பக்கவாட்டாகத் திரும்பி நின்றாள்.

“அப்பா. பாத்தனீங்களோ?”

நான் இந்த நாளுக்காக நாலு மாதமாகச் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் ஆச்சரியப்பட்டுப் பழகியவன். புருவத்தை எவ்வளவு ஏற்றவேண்டும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. ஒன்றும் வரவில்லை. புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாய் மட்டும் திறந்துகொண்டது.

“அப்பா? கேக்குதோ? அம்மா, படம் நிண்டுபோச்சோ அங்கை?”

“படம் நிக்கேல்லைப் பிள்ளை,” என்றார் மனைவி. “கொப்பர்தான் நிண்டுபோனார்.”

மகள் கிட்ட வந்து திரைக்குள் முகத்தை வைத்து என்னை உற்றுப் பார்த்தாள். தாயின் கண்கள் அவளுக்கு, விடைத்தாள் திருத்துகிற கண்கள்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ அப்பா?”

“நீ சொல்லேல்லையே,” என்றேன்.

“அம்மா சொன்னவவோ?”

“கொம்மா ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

“அம்மா?”

“நல்லூரானாணை நான் சொல்லேல்லை,” என்றார் மனைவி, ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டே.

மகள் எங்கள் இரண்டுபேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எத்தினை மாசம்?” என்று கேட்டேன்.

“ஏழு முடியப்போகுது. அப்பா, இதை இப்ப எழுதிப்போடாதையுங்கோ.”

“இல்லை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“நீங்கள் ரெண்டு பேரும் ஒருமாதிரி இருக்கிறியள்,” என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை.